தூதரகம் நிற்பது யாருடைய மண்?

கேள்வி இதுதான்: "வெளிநாட்டுத் தூதரகம் இருக்கும் இடம் அந்த நாட்டு மண்ணாகவே கருதப்படுமா? உள்ளே போய்விட்டால் போலீஸ் தொட முடியாதா? தூதரகம், துணைத் தூதரகம் இரண்டும் ஒன்றா? நம்மவர் ஒருவர் வெளிநாட்டில் கைதானால் தூதரகம் என்ன செய்யும்?" கடைசிக் கேள்விதான் சாதாரண மக்களுக்கு உண்மையில் தேவைப்படுவது. ஆனால் முதல் மூன்றும் தெளிவானால்தான் அது முழுதாகப் புரியும் என்பதால் வரிசையாகவே போகிறேன்.

மண் மாறுவதில்லை. சென்னையில் ஜெமினி மேம்பாலத்தை ஒட்டி அமெரிக்கத் துணைத் தூதரகம் இருக்கிறது. அது நிற்பது இந்திய நிலம். அதற்குள் ஒரு குற்றம் நடந்தால் அது இந்தியாவில் நடந்த குற்றம். அதற்குள் ஒரு குழந்தை பிறந்தால், அங்கே பிறந்தது என்ற காரணத்துக்காக அமெரிக்கக் குடியுரிமை கிடைக்காது. இந்தச் சந்தேகம் நீதிமன்றத்துக்கே போயிருக்கிறது. லண்டனில் உள்ள எகிப்தியத் துணைத் தூதரகத்தில் வைத்து ஒருவர் தன் மனைவிக்குத் தலாக் சொன்னார். அது எகிப்திய மண்ணில் நடந்த விவாகரத்து, ஆகவே பிரிட்டன் அதை ஏற்க வேண்டும் என்பது வாதம். 1972இல் ஆங்கிலேய நீதிமன்றம் அதை மறுத்தது. கட்டடத்துக்குச் சில சிறப்புப் பாதுகாப்புகள் உண்டு, ஆனால் அது பிரிட்டன் நிலப்பரப்பின் ஒரு பகுதிதான் என்று சொல்லிவிட்டது.

அப்படியானால் போலீஸ் ஏன் உள்ளே போவதில்லை? போக மாட்டோம் என்று ஒவ்வொரு நாடும் வாக்குக் கொடுத்திருப்பதால். அந்த வாக்கு 1961இல் கையெழுத்தான தூதரக உறவுகளுக்கான வியன்னா உடன்படிக்கையில் இருக்கிறது. அதன் 22ஆம் பிரிவு இரண்டு கடமைகளை விதிக்கிறது. முதலாவது, தூதரகத்தின் தலைவர் சம்மதிக்காமல் உள்ளூர் அதிகாரிகள் யாரும் உள்ளே நுழையக் கூடாது. இரண்டாவது, கூட்டம் புகுந்து சேதப்படுத்தாமல் அந்தக் கட்டடத்தைக் காப்பதும் உள்ளூர் அரசின் பொறுப்பு. முதல் கடமைக்கு விதிவிலக்கே இல்லை. தீப்பிடித்தால் தீயணைப்பு வீரர்கள்கூட அழைப்பு இல்லாமல் போக முடியாது. அவசர நிலைமைக்கு ஒரு விதிவிலக்கு வைக்கலாமா என்று வரைவு எழுதியவர்கள் பேசிப் பார்த்து, வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். விதிவிலக்கு ஒன்று இருந்தால் எல்லா அரசுகளும் அதையே கதவாக்கிக்கொள்ளும் என்ற பயம் நியாயமானது என்றே நினைக்கிறேன். இந்தியா 1965இல் இதில் சேர்ந்து, 1972இல் தனிச் சட்டம் இயற்றி உள்நாட்டுச் சட்டமாகவும் ஆக்கிக்கொண்டது.

இந்த வாக்கு தூதரகத் தலைவரின் சம்மதத்தில் தொங்கிக்கொண்டிருக்கிறது என்பதற்கு எல்லோருக்கும் தெரிந்த சாட்சி விக்கிலீக்ஸ் நிறுவனர் ஜூலியன் அசாஞ்சே. 2012 ஜூனில் லண்டனில் உள்ள ஈக்வடார் தூதரகத்துக்குள் போனவர், கிட்டத்தட்ட ஏழு ஆண்டுகள் வெளியே கால் வைக்கவில்லை. 2019 ஏப்ரல் 11 அன்று ஈக்வடார் தன் அடைக்கலத்தை விலக்கிக்கொண்டது. தூதரே பிரிட்டிஷ் போலீஸை உள்ளே அழைத்தார். கட்டடம் மாறவில்லை, சட்டம் மாறவில்லை. சம்மதம் மட்டும் மாறியது.

தூதரகத்துக்குள் அடைக்கலம் தரும் உரிமை என்று வியன்னா உடன்படிக்கையில் எங்கும் சொல்லப்படவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். லத்தீன் அமெரிக்க நாடுகள் மட்டும் தங்களுக்குள் அப்படி ஒரு மரபையும் ஒப்பந்தங்களையும் வைத்திருக்கின்றன. அங்கேயும் அது சிக்கல்தான். பெரு நாட்டு அரசியல் தலைவர் அயா தெ லா தோரே 1949 ஜனவரியில் லிமாவில் இருந்த கொலம்பியத் தூதரகத்தில் புகுந்தார். வழக்கு தி ஹேக்கில் உள்ள சர்வதேச நீதிமன்றத்துக்குப் போனது. அடைக்கலம் முறைப்படி தரப்படவில்லை, அது முடிவுக்கு வர வேண்டும் என்றது நீதிமன்றம். ஆனால் அவரைப் பிடித்து ஒப்படைக்கும் கடமை கொலம்பியாவுக்கு இல்லை என்றும் சொன்னது. இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று சொல்லவில்லை. கடைசியில் இரு அரசுகளும் பேசித் தீர்த்து, 1954இல்தான் அவர் வெளியே வந்தார். ஐந்து ஆண்டுகளுக்கு மேல் ஒரே கட்டடத்துக்குள்!

போலீஸ் உள்ளே போகக் கூடாது என்ற விதி பெரும் வலியை உண்டாக்கிய சம்பவம் வேறொன்று. 1984 ஏப்ரல் 17 அன்று லண்டன் செயின்ட் ஜேம்ஸ் சதுக்கத்தில் லிபியத் தூதரகத்தின் முன்னால் கடாஃபி எதிர்ப்பாளர்கள் கூடியிருந்தார்கள். தூதரகச் சன்னலிலிருந்து துப்பாக்கி சுட்டது. பாதுகாப்புக்கு நின்ற 25 வயதுப் பெண் காவலர் இவோன் ஃபிளெட்சர் இறந்தார். தங்கள் சகாவைக் கொன்றவர் அந்தக் கட்டடத்துக்குள்தான் இருக்கிறார் என்று தெரிந்தும் லண்டன் போலீஸ் உள்ளே போகவில்லை. சுற்றி வளைத்துக்கொண்டு நின்றார்கள். பிரிட்டன் தூதரக உறவை முறித்தது. ஏப்ரல் 27 அன்று உள்ளே இருந்தவர்கள் எல்லோரும் நாட்டைவிட்டு வெளியேற அனுமதிக்கப்பட்டார்கள்.

இதைப் படிக்கும்போது கோபம் வராமல் இருக்காது. ஆனால் அந்த நாட்களில் திரிப்போலியில் என்ன நடந்தது என்றும் பார்க்க வேண்டும். அங்கிருந்த பிரிட்டிஷ் தூதரகத்தை லிபியப் படையினர் சூழ்ந்து நின்றார்கள். உள்ளே பிரிட்டன் ஊழியர்களும் குடும்பங்களும். லண்டனில் ஒரு கதவு உடைந்தால் திரிப்போலியில் இன்னொரு கதவு உடையும். சர்வதேசச் சட்டத்துக்குப் பின்னால் போலீஸ் படை கிடையாது என்று பலர் குறை சொல்வார்கள். தூதரகச் சட்டத்தைப் பொறுத்தவரை போலீஸ் தேவைப்படுவதே குறைவு. எல்லா நாடுகளும் ஒரே நேரத்தில் விருந்தாளியாகவும் வீட்டுக்காரராகவும் இருக்கின்றன. தன் ஆட்கள் உலகமெங்கும் இருப்பதால்தான் ஒவ்வோர் அரசும் பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே நிற்கிறது.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு, ஒரு கட்டடத்தின் தூதரக அந்தஸ்தையே நீக்க வழி செய்யும் சட்டம் ஒன்றை 1987இல் பிரிட்டன் கொண்டுவந்தது. 2012 ஆகஸ்டில் அசாஞ்சே விஷயத்தில் அதைப் பயன்படுத்தலாம் என்று ஈக்வடாருக்கு எழுத்தில் உணர்த்தியபோது பல நாடுகளிலிருந்து கண்டனம் வந்தது. பிரிட்டன் பின்வாங்கிவிட்டது. அதே ஈக்வடார், 2024 ஏப்ரல் 5 இரவு தன் தலைநகர் கீட்டோவில் மெக்சிகோ தூதரகத்தின் கதவை உடைத்துக்கொண்டு போனது. ஊழல் வழக்கில் தண்டிக்கப்பட்டு அங்கே தங்கியிருந்த முன்னாள் துணை அதிபர் ஹோர்ஹே கிளாஸைப் பிடித்து வந்தது. மெக்சிகோ உடனே உறவை முறித்துக்கொண்டு சர்வதேச நீதிமன்றத்துக்குப் போனது. அவர் குற்றவாளியா இல்லையா என்பது இதில் கேள்வியே கிடையாது. குற்றவாளியாகவே இருந்தாலும் அந்தக் கதவு உடைக்கக் கூடாதது.

இரண்டாவது கடமையான பாதுகாப்பை ஓர் அரசு கைவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு டெஹ்ரான்தான் பாடம். 1979 நவம்பர் 4 அன்று மாணவர்கள் அமெரிக்கத் தூதரகத்தைப் பிடித்தார்கள். 52 பேர் 444 நாட்கள் பிணைக் கைதிகளாக இருந்தார்கள். 1980 மே மாதம் வந்த சர்வதேச நீதிமன்றத் தீர்ப்பில் நான் முக்கியமாகக் கருதும் இடம் ஒன்று உண்டு. தூதரகத்தில் உளவு வேலை நடந்தது என்பது ஈரானின் குறை. அது உண்மையாகவே இருந்தாலும், அதற்கான மருந்து தூதரகச் சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது என்றார்கள் நீதிபதிகள். சந்தேகப்படும் ஆளை 'விரும்பத்தகாத நபர்' என்று அறிவித்து அனுப்பிவிடலாம். காரணம்கூடச் சொல்ல வேண்டியதில்லை, 9ஆம் பிரிவு அவ்வளவு தெளிவு. அதுவும் போதாது என்றால் உறவையே முறித்துக்கொள்ளலாம். இந்தியாவும் பாகிஸ்தானும், இந்தியாவும் கனடாவும் ஒருவர் தூதர்களை ஒருவர் வெளியேற்றிய செய்திகளைப் பார்த்திருப்பீர்கள். அது சட்டம் உடைந்துபோனதன் அறிகுறி என்று நினைக்க வேண்டாம். சட்டம் தந்த வழியைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

கட்டடத்துக்கு அடுத்தது ஆட்கள். தூதரக அதிகாரியைக் கைது செய்ய முடியாது, அவர்மீது குற்ற வழக்கு நடத்த முடியாது. உடன் வாழும் குடும்பத்தினருக்கும் இது பொருந்தும். சிவில் வழக்குகளில் மட்டும் சில விதிவிலக்குகள்: சொந்தச் சொத்து, வாரிசுரிமை, தனிப்பட்ட தொழில் அல்லது வியாபாரம். ஆனால் இந்த விலக்குரிமை அந்த ஆளுடையது இல்லை, அவரை அனுப்பிய நாட்டுடையது. நாடு நினைத்தால் அதை விட்டுக்கொடுக்கலாம். 1997இல் வாஷிங்டனில் ஜார்ஜியா நாட்டுத் தூதரக அதிகாரி ஒருவர் குடித்துவிட்டுக் கார் ஓட்டி ஒரு 16 வயதுச் சிறுமியின் உயிரைப் பறித்தார். ஜார்ஜியா அவருடைய விலக்குரிமையை நீக்கியது. அவர் அமெரிக்கச் சிறைக்குப் போனார்.

எல்லா நாடுகளும் அப்படிச் செய்வதில்லை. 2015இல் குர்கானில் வெளிநாட்டுத் தூதரக அதிகாரி ஒருவர் வீட்டிலிருந்து நேபாளப் பெண்கள் இருவர் மீட்கப்பட்டார்கள். கடுமையான பாலியல் வன்முறைக் குற்றச்சாட்டுகள். அந்த அதிகாரி விலக்குரிமையோடு இந்தியாவைவிட்டுப் போய்விட்டார். இந்தச் சட்டத்தின் விலையைச் செலுத்துபவர்கள் பெரும்பாலும் இப்படிப்பட்டவர்கள்தான்: வீட்டு வேலைக்கு வந்த, வெளியே யாரையும் தெரியாத பெண்கள். அதனால்தான் 2022இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் மூன்றுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் தந்த தீர்ப்பை வரவேற்கிறேன். வீட்டுப் பணியாளரை அடிமைபோல் வைத்துச் சுரண்டிப் பலனடைவது வியாபாரச் செயலுக்குள் அடங்கும், ஆகவே இழப்பீட்டு வழக்கில் விலக்குரிமை காப்பாற்றாது என்பது அதன் சாரம். உடன்படிக்கையின் ஓர் எழுத்தையும் மாற்றாமல், இருக்கும் விதிவிலக்கை வைத்தே வழி கண்டுபிடித்தார்கள்.

சரி, துணைத் தூதரகம். தூதரகம் தலைநகரில் இருக்கும், அரசோடு அரசாகப் பேசும். துணைத் தூதரகம் மற்ற நகரங்களில் இருக்கும், மக்களுக்கு வேலை செய்யும்: விசா, பாஸ்போர்ட், பிறப்பு இறப்புப் பதிவு, சான்றொப்பம், கைதிகளைப் பார்ப்பது. காமன்வெல்த் நாடுகள் தங்களுக்குள் தூதரகம் என்று சொல்லாமல் ஹை கமிஷன் என்கின்றன. அதனால்தான் கொழும்பில் இந்திய ஹை கமிஷன், சென்னையில் இலங்கை, பிரிட்டன் நாடுகளின் துணை ஹை கமிஷன்கள். பெயர்தான் வேறு.

துணைத் தூதரகத்துக்குத் தனி உடன்படிக்கை இருக்கிறது. அதுவும் வியன்னாவில்தான், 1963இல் உருவானது. அதில் பாதுகாப்பு ஒரு படி குறைவு. அலுவலகமாகப் பயன்படும் பகுதிக்கு மட்டுமே நுழைவுத் தடை. தீ போன்ற ஆபத்தில் சம்மதம் இருப்பதாக எடுத்துக்கொள்ளலாம். அதிகாரிக்கு விலக்குரிமை அலுவலக வேலைகளுக்கு மட்டும்தான். இந்த ஒரு படி எவ்வளவு பெரியது என்பதை 2013 டிசம்பரில் இந்தியா கண்டது. நியூயார்க்கில் இந்தியாவின் துணைத் தூதராக இருந்த தேவயானி கோப்ரகடே, வீட்டுப் பணியாளரின் விசா விண்ணப்பத்தில் சம்பளம் பற்றிப் பொய்த் தகவல் தந்ததாகக் கைது செய்யப்பட்டார். பணியாளருக்குச் சம்பளம் தருவது அலுவலக வேலை ஆகாது, அதற்கு விலக்குரிமை இல்லை என்பது அமெரிக்காவின் நிலை. பதிலடியாக, டெல்லியில் அமெரிக்கத் தூதரகத்தின் முன்னிருந்த பாதுகாப்புத் தடுப்புகளை இந்தியா எடுத்தது. அப்புறம் அவரை ஐ.நா.வுக்கான இந்தியத் தூதுக்குழுவுக்கு மாற்றியது. 2014 ஜனவரி 8 அன்று அங்கே முழு விலக்குரிமை கிடைத்தது. மறுநாள் அவர் அமெரிக்காவைவிட்டுக் கிளம்பினார். குற்றம் பதிவான நாளில் முழு விலக்குரிமை இருந்தது என்பதால் நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது. இரண்டு நாளில் மறுபடியும் குற்றம் சாட்டினார்கள். அதே ஆள், அதே ஊர், அதே குற்றச்சாட்டு. பதவி ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறியதும் சட்டம் முழுக்க மாறிப்போனது.

2018 அக்டோபர் 2 அன்று இஸ்தான்புல்லில் பத்திரிகையாளர் ஜமால் கஷோகி கொல்லப்பட்டதும் சவுதி அரேபியாவின் துணைத் தூதரகத்துக்குள்தான். துருக்கி போலீஸ் சவுதியின் அனுமதி கிடைக்கும்வரை காத்திருந்து, 15ஆம் தேதிதான் உள்ளே போனது. துணைத் தூதரின் வீட்டுக்கு அதற்கும் பிறகு. 1963 உடன்படிக்கை வீட்டுக்கு அந்தப் பாதுகாப்பைத் தரவே இல்லை. தடயங்கள் அழியக்கூடிய அந்த நாட்களில், வீட்டுக்கும் சேர்த்துத் துருக்கி காத்திருந்தது பெரிய இழப்பு என்பது என் கருத்து.

இனி கடைசிக் கேள்வி. 1963 உடன்படிக்கையின் 36ஆம் பிரிவை வெளிநாட்டுக்கு வேலைக்கோ படிப்புக்கோ போகும் ஒவ்வொருவரும் தெரிந்திருக்க வேண்டும். உங்களைக் கைது செய்தால், உங்கள் நாட்டுத் தூதரகத்துக்குத் தகவல் சொல்லும்படி கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. அந்த உரிமை இருப்பதை உங்களிடம் தாமதமில்லாமல் சொல்ல வேண்டியது அந்த நாட்டு அதிகாரிகளின் கடமை. நீங்கள் கேட்டால் அவர்கள் தூதரகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். தூதரக அதிகாரி உங்களை வந்து பார்க்கலாம், பேசலாம், வக்கீல் ஏற்பாடு செய்யலாம்.

வல்லரசுகளும் இதை மீறியிருக்கின்றன. அமெரிக்காவில் அரிசோனா மாநிலம் லாகிராண்ட் என்ற ஜெர்மானியச் சகோதரர்கள் இருவருக்கு இந்த உரிமையை உரிய நேரத்தில் சொல்லாமலே வழக்கு நடத்தி, 1999இல் இருவருக்கும் மரண தண்டனையை நிறைவேற்றிவிட்டது. இது தனிமனிதரின் உரிமையும்கூட, நாடுகளுக்கிடையிலான மரியாதை மட்டுமில்லை என்று 2001இல் சர்வதேச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2004இல் 51 மெக்சிகோக்காரர்கள் வழக்கிலும் அமெரிக்கா தோற்றது. அடுத்த ஆண்டே, இப்படிப்பட்ட வழக்குகளை அந்த நீதிமன்றம் விசாரிக்க இடம் தரும் துணை ஒப்பந்தத்திலிருந்து அமெரிக்கா விலகிக்கொண்டது.

இந்தியாவும் பாகிஸ்தானும் அந்தத் துணை ஒப்பந்தத்தில் இருந்தன. குல்பூஷண் ஜாதவ் வழக்கு தி ஹேக்குக்குப் போக முடிந்தது அதனால்தான். இந்தியரான அவரை உளவாளி என்று 2016 மார்ச் 3 அன்று கைது செய்ததாகப் பாகிஸ்தான் சொன்னது. இந்தியாவுக்குத் தெரிவித்தது மார்ச் 25. ராணுவ நீதிமன்றம் 2017 ஏப்ரலில் மரண தண்டனை விதித்தது. அதுவரை ஒரு முறைகூட இந்திய அதிகாரிகள் அவரைப் பார்க்க விடவில்லை. உளவாளிகளுக்கு 36ஆம் பிரிவு பொருந்தாது என்று பாகிஸ்தான் வாதிட்டது. 2019 ஜூலை 17 அன்று நீதிமன்றம் அதை நிராகரித்தது. குற்றச்சாட்டு உளவாக இருந்தாலும் உரிமை உரிமைதான், மூன்று வாரத் தாமதமும் மீறல்தான் என்றது. ஆனால் இந்தியா கேட்டபடி அவரை விடுவிக்கச் சொல்லவில்லை. தண்டனையை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்ற அளவில் நின்றது. செப்டம்பர் 2 அன்று இந்திய அதிகாரி ஒருவர் அவரைச் சந்தித்தார்.

இந்த எல்லையை வீட்டில் இருப்பவர்களும் புரிந்துகொள்ள வேண்டும். "எம்பசியில் சொன்னால் வெளியே எடுத்துவிடுவார்கள்" என்று நம்பிக் காத்திருந்து, உள்ளூர் வக்கீலுக்கான நாட்களை இழக்கும் குடும்பங்கள் உண்டு. தூதரக அதிகாரி உங்களுக்காக நீதிமன்றத்தில் வாதாட மாட்டார், தண்டனையைக் குறைக்க முடியாது, அந்த நாட்டுச் சட்டத்தைத் தாண்ட முடியாது. ராமேசுவரம், நாகை மீனவர்களை இலங்கைக் கடற்படை பிடிக்கும்போது யாழ்ப்பாணத்தில் உள்ள இந்தியத் துணைத் தூதரக அதிகாரிகள் சிறையில் போய்ப் பார்க்கிறார்கள், வக்கீலுக்கு ஏற்பாடு செய்கிறார்கள், விடுதலையானவர்களின் பயண ஆவணத்தைக் கவனிக்கிறார்கள். விடுதலை செய்வது இலங்கை நீதிமன்றம். அந்த விடுதலையை விரைவாக்கும் பேச்சு நடப்பது கொழும்பிலும் டெல்லியிலும்.

செய்யக்கூடியவையும் சிறியவை இல்லை. பாஸ்போர்ட் தொலைந்தாலோ முதலாளி பிடுங்கி வைத்துக்கொண்டாலோ, ஊர் திரும்ப எமர்ஜென்சி சர்டிபிகேட் தருவார்கள். 2009இல் தொடங்கிய இந்தியச் சமூக நல நிதியிலிருந்து, கையில் காசில்லாமல் தவிப்பவருக்குத் தங்குமிடம், விமான டிக்கெட், ஆரம்பகட்டச் சட்ட உதவி, இறந்தவர் உடலை அனுப்பும் செலவு ஆகியவற்றுக்கு உதவலாம். வளைகுடாவில் ஒருவர் இறந்துவிட்டால், உள்ளூர் மரணச் சான்றிதழையும் குடும்பத்தின் சம்மதக் கடிதத்தையும் வாங்கி, பாஸ்போர்ட்டை ரத்து செய்து, தடையின்மைச் சான்று தருவது தூதரகம்தான். அந்தக் காகிதம் இல்லாமல் உடல் விமானம் ஏறாது. புகாரை ஊரிலிருந்தே பதிவு செய்ய வெளியுறவு அமைச்சகத்தின் மதத் என்ற இணையதளம் 2015 முதல் இருக்கிறது. புகார் எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு விடாமல் கேளுங்கள்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: பொதுவாக, நீங்கள் கேட்டால்தான் தகவல் போகும். எந்த மொழியில் எந்தக் காகிதத்தை நீட்டினாலும், கையெழுத்துப் போடுவதற்கு முன் "என் நாட்டுத் தூதரகத்துக்குச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். தெரிந்த சொல் 'எம்பசி' ஒன்றுதான் என்றால் அதையே திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.

எல்லோருக்கும் இது பொருந்தாது. தன் சொந்த அரசுக்குப் பயந்து தப்பி வந்தவர் தகவல் சொல்ல வேண்டாம் என்று மறுக்கலாம். இலங்கையிலிருந்து அடைக்கலம் தேடிப் போன நம் மக்களுக்கு இது முக்கியம். சில நாடுகள் தங்களுக்குள் தனி ஒப்பந்தம் போட்டு, கேட்டாலும் கேட்காவிட்டாலும் தெரிவித்தாக வேண்டும் என்று வைத்திருக்கின்றன. அமெரிக்காவுக்கும் சீனாவுக்கும் இடையே அப்படி ஒன்று உண்டு. அதனால் முதலில் வக்கீலிடம் கேட்பது நல்லது. அகதி அந்தஸ்து பெற்றவர் தன் பழைய நாட்டுத் தூதரகத்தில் பாஸ்போர்ட்டைப் புதுப்பிப்பதும் சாதாரண விஷயம் ஆகாது. தானாக முன்வந்து சொந்த நாட்டின் பாதுகாப்பை மறுபடி நாடியவருக்கு அகதி அந்தஸ்து முடிந்துவிடலாம் என்று 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கை சொல்கிறது. ஒரு கல்யாணத்துக்கோ சாவுக்கோ போய்வரத்தானே என்று நினைத்து வாங்கும் அந்தப் புத்தகம், பிறகு அவருக்கு எதிரான ஆதாரமாக மேசைமேல் வைக்கப்படலாம். அப்படிப்பட்டவர்கள் தூதரகப் படியேறுவதற்கு முன் குடியேற்றச் சட்டம் தெரிந்த ஒருவரிடம் கட்டாயம் பேச வேண்டும்.